எந்த 'இங்'?

ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து. முதலில் 'என்', அடுத்து 'ஜி'. இடையில் ஓர் உயிரெழுத்துகூட இல்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் புதிதாக வரும் வெள்ளைக்காரர் இந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் வாயடைத்துப் போவார். 'எங்' என்பார், 'நுக்' என்பார், கடைசியில் எழுத்துக் கூட்டி 'என்-ஜி' என்றே கூப்பிட்டுவிடுவார். நம் ஊர் மருந்தகத்திலோ அஞ்சல் நிலையத்திலோ 'மிஸ்டர் இங்' என்று அழைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் எழுந்து நிற்பதுண்டு.

தமிழருக்கு இந்த ஒலி சிரமமானதல்ல. 'சங்கு' என்று சொல்லத் தொடங்கி, 'கு' வருவதற்கு முன் நிறுத்திவிட்டால் மிஞ்சுவதுதான் அது. நம் நெடுங்கணக்கில் அதற்கென்று தனி எழுத்தே இருக்கிறது. ஆனால் சொல்லின் முதலில் அதை நிறுத்த நம் இலக்கணம் தயங்குகிறது. தொல்காப்பியம் ஙகரத்தைச் சொல்லுக்கு முதலாக ஏற்கவில்லை. நன்னூல் மட்டும் 'ஙனம்' என்ற ஒன்றை, அதுவும் சுட்டும் வினாவும் முன்னால் வரும்போது, ஒப்புக்கொள்கிறது. லங்கையை இலங்கை என்றும் ராமனை இராமன் என்றும் எழுதிய அதே வழக்கப்படி, சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழ் இந்தப் பெயருக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து 'இங்' ஆக்கிவிட்டது. எந்த இலக்கண வகுப்பும் நடத்தாமல் நடந்த காரியம் இது.

பலரும் கேட்பது, 'இங்' என்றால் என்ன பொருள் என்பதைத்தான். அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. 'இங்' என்பது ஒரு குடும்பப்பெயர் அல்ல. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று குடும்பப்பெயர்கள் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குள் புகுந்துகொண்டிருக்கின்றன.

சீன எழுத்தில் மூன்றும் வெவ்வேறு. மாண்டரின் மொழியில் முதலாவதை 'ஹுவாங்' என்பார்கள். மஞ்சள் என்று பொருள். இரண்டாவது 'வூ'. அது ஒரு பழைய நாட்டின் பெயர். மூன்றாவதும் 'வூ'தான், ஆனால் எழுத்து வேறு, தொனி வேறு. ஐந்து பேர் கொண்ட படைக்குழு என்பது அதன் பொருள். அந்த எழுத்தில் ஒரு பக்கம் மனிதனைக் குறிக்கும் கோடும் மறுபக்கம் ஐந்து என்ற எண்ணும் நிற்கும். குழப்பம் வராமல் இருக்க, இங்கே அதை 'ஐவர் வூ' என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹொக்கியன், தியோச்சூ பேசுவோர் ஹுவாங்கை 'இங்' என்பார்கள். காண்டனிஸ் பேசுவோரோ ஹுவாங்கை 'வோங்' என்பார்கள். அவர்களுக்கு இரண்டு வூவும்தான் 'இங்'. அந்த வூ நாட்டு வூவை ஹொக்கியன்காரர் 'கோ' என்பார். ஆகவே எந்த ஒரு சீனரின் வாயிலும் மூன்றும் 'இங்' ஆவதில்லை. அமோய் நகரத்தில் 'இங்' என்றால் ஹுவாங். ஹாங்காங்கில் 'இங்' என்றால் வூ. குழப்பத்துக்கே இடமில்லை. ஹொக்கியன்காரரும் தியோச்சூக்காரரும் காண்டனிஸ்காரரும் ஒரே தெருவில் கடை போட்டு, ஒரே பதிவு அலுவலகத்தின் முன் வரிசையில் நின்ற பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ போன்ற ஊர்களில்தான் மூன்றும் ஒன்றாகின. சுருங்கச் சொன்னால், இது நம் மண்ணில் பிறந்த குழப்பம்.

மூன்று பெயர்களும் சந்தித்த கதை

இந்த மூன்று பெயர்களும் ஒருமுறை, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே வரலாற்றில் குறுக்கிட்டிருக்கின்றன.

இன்றைய ஹெனான் மாநிலத்தின் தென்பகுதியில் ஹுவாங் என்ற சிறிய நாடு இருந்தது. தெற்கே சூ என்ற பெரிய நாடு. சூவுக்குக் கப்பம் கட்ட ஹுவாங் மறுத்தது. சூவின் தலைநகரம் தொள்ளாயிரம் லீ தொலைவில் இருக்கிறது, அங்கிருந்து வந்து நம்மை என்ன செய்துவிட முடியும் என்று நினைத்ததாகப் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. கி.மு. 648-இல் சூவின் படை வந்தது. ஹுவாங் அழிந்தது. நாடிழந்த மக்கள் நாட்டின் பெயரையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். இன்று சீனாவின் மிகப் பெரிய பத்துக் குடும்பப்பெயர்களுள் ஹுவாங் ஒன்று.

அடுத்த நூற்றாண்டில், அதே சூ நாட்டு அரசவையில் ஐவர் வூ குடும்பத்தைச் சேர்ந்த அமைச்சர் ஒருவர் இருந்தார். சூவின் மன்னன் பிங், கோள்மூட்டலை நம்பி அவரையும் அவருடைய மூத்த மகனையும் கொன்றான். இளைய மகன் வூ சிஷூ தப்பி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்த இடம் கிழக்கே கடலோரம் இருந்த வூ நாடு. காண்டனிஸ்காரர் இதைச் சொன்னால் 'இங்' ஒருவர் 'இங்' நாட்டுக்கு ஓடினார் என்றுதான் காதில் விழும். வூ சிஷூ அங்கே அரசனுக்கு நெருக்கமானார். கி.மு. 506-இல் வூவின் படை சூவின் தலைநகருக்குள் புகுந்தது. பிங் மன்னன் அதற்குள் இறந்து புதைக்கப்பட்டிருந்தான். வூ சிஷூ அந்தக் கல்லறையைத் தோண்டிப் பிணத்தை எடுத்து முந்நூறு சவுக்கடி கொடுத்தார் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிவைத்திருக்கிறார்.

ஹுவாங் நாட்டை அழித்த சூவை, வூ நாட்டின் படையைக் கொண்டு ஐவர் வூ குடும்பத்துப் பிள்ளை பழிதீர்த்தார். மூன்று 'இங்'கும் இதில் வந்துவிட்டன.

கதை அங்கே முடியவில்லை. அடுத்து வந்த வூ மன்னன் ஃபூச்சாய், பக்கத்து நாடான யுவேயிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி வூ சிஷூ சொன்னதைக் கேட்கவில்லை. கி.மு. 484-இல் அவருக்கு ஒரு வாளை அனுப்பினான். தற்கொலை செய்துகொள் என்பது அதன் பொருள். தன் கண்களைப் பிடுங்கி நகரின் கிழக்கு வாயிலில் தொங்கவிடுங்கள், யுவேயின் படை நுழைவதை நான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் இறந்தாராம். கி.மு. 473-இல் யுவே வந்தது. வூ நாடு மறைந்தது. அந்த மக்களும் நாட்டின் பெயரைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டார்கள். இன்றும் சூச்சோ நகரத்தில் டிராகன் படகு விழா வூ சிஷூவின் நினைவுக்கே உரியது என்று சொல்கிறார்கள். நம் ஊரில் அந்த விழாவுக்கு வேறொரு கதை சொல்லப்படுவது பலருக்கும் தெரியும்.

நாடு போனாலும் பெயர் மிஞ்சியது. அந்தப் பெயரை ஒவ்வொரு குலமும் தனக்கே உரிய கதைகளோடு காத்துவந்தது. ஹுவாங் குலத்தார் தங்கள் மன்றங்களுக்கு 'ஜியாங்சியா' என்ற பழைய ஊரின் பெயரைச் சூட்டுவார்கள். ஹான் அரச மரபின் காலத்தில் அந்த ஊரில் ஹுவாங் சியாங் என்ற சிறுவன் இருந்தான். ஒன்பது வயதில் தாயை இழந்தவன். கோடையில் தந்தையின் தலையணையை விசிறிக் குளிர்விப்பான். குளிர்காலத்தில் தான் முதலில் படுத்துத் தந்தையின் படுக்கையைச் சூடாக்கி வைப்பான். சீனப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பணிவைக் கற்பிக்கும் இருபத்து நான்கு கதைகளுள் இதுவும் ஒன்று.

வூ குலத்தாரின் மன்றங்களில் 'யென்லிங்' என்ற பெயர் இருக்கும். வூ நாட்டு இளவரசர் ஜிஜா ஆண்ட இடம் அது. அவர் அரியணையை வேண்டாமென்றவர். ஒருமுறை தூது போகும் வழியில் சூ என்ற குட்டி நாட்டின் தலைவர் (பெரிய சூ அல்ல, இது வேறு) ஜிஜாவின் இடுப்பு வாளை ஆசையோடு பார்த்தார், வாய்விட்டுக் கேட்கவில்லை. தூதுப்பணி முடியும்வரை வாள் தேவை என்பதால் ஜிஜாவும் கொடுக்கவில்லை, திரும்பும்போது கொடுக்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்தார். திரும்பி வந்தபோது அந்தத் தலைவர் இறந்திருந்தார். ஜிஜா வாளை அவிழ்த்துக் கல்லறையருகே இருந்த மரத்தில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். செத்தவருக்கு எதற்கு வாள் என்று கேட்டவர்களிடம், மனதுக்குள் கொடுத்துவிட்டேனே என்றாராம்.

ஃபூஜியனின் ஹுவாங் குலத்தார் இன்னொரு கதையும் சொல்வார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஹுவாங் சியாவ் என்ற முன்னோருக்கு மூன்று மனைவியர், இருபத்தொரு பிள்ளைகள். முதுமையில் அவர் ஒவ்வொரு மனைவிக்கும் மூத்த மகனை மட்டும் துணைக்கு வைத்துவிட்டு, மீதிப் பதினெட்டுப் பேரையும் வெளியூர் போய்ப் பிழைக்கச் சொன்னார். போகும்போது அவர்களுக்கு ஒரு பாட்டைக் கற்றுக்கொடுத்தார். எத்தனை தலைமுறை கழித்து எந்த ஊரில் சந்தித்தாலும், அந்தப் பாட்டைச் சொல்பவன் உன் உறவு. சொத்தைப் பிரித்துக் கொடுத்தவர்கள் பலர். அடையாளம் காணும் வழியையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் குறைவு.

ஒரே பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல்

நம் வட்டாரத்துக்கு வந்தபோது அந்தப் பாட்டைக் கேட்கப் பதிவு அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. வருபவர் வாயால் பெயரைச் சொல்வார். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போடுவார். மலாயாவின் அரசாங்க எழுத்தர் பணியில் யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். சில 'இங்'குகளுக்கு எழுத்துக்கூட்டல் கொடுத்தது ஒரு தமிழ்க் காதாகவும் இருந்திருக்கலாம். நம்மவர்களுக்கும் இதே கதிதான். தோட்டங்களில் லட்சுமி 'லெட்சுமி' ஆனதும், ஒரே வீட்டு அண்ணன் தம்பி பிறப்புப் பத்திரங்களில் தந்தையின் பெயர் இரண்டு விதமாக நிற்பதும் மலேசியத் தமிழருக்குப் பழகிய சங்கதி. 1948-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அடையாள அட்டை வந்தபோது, அப்படி எழுதியது அப்படியே உறைந்துபோனது.

ஹுவாங் என்ற ஒரே எழுத்து எத்தனை வேடம் போட்டிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஹொக்கியனிலேயே இரண்டு உச்சரிப்பு. அமோய்ப் பக்கத்தார் 'இங்' என்றால், சாங்சோ பக்கத்தார் 'உய்' என்பார்கள். பினாங்கு ஹொக்கியன் சாங்சோவிலிருந்து வந்தது. அதனால் பினாங்கில் அது 'ஊய்'. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் அதே ஒலியை அவர்கள் எழுத்தில் 'ஊய்' என்றே, வேறு கூட்டலில், எழுதினார்கள். செமாராங்கின் சர்க்கரை அரசர் ஊய் தியோங் ஹாம் அப்படிப்பட்டவர். ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸில் அது 'உய்'. சிங்கப்பூரில் 'வீ' என்றும் ஆனது. காண்டனிஸில் 'வோங்'. கொரியாவில் 'ஹ்வாங்'. வடக்கு வியட்நாமில் 'ஹொவாங்', தெற்கில் 'ஹுயின்'. தெற்கை ஆண்ட நுயென் ஹொவாங் என்ற தலைவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதற்காகத் தெற்கத்தியர் தங்கள் குடும்பப்பெயரையே சற்றுத் திருப்பி உச்சரித்தார்கள். கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமாருக்கு இது புரியும்.

சிங்கப்பூரின் நான்காவது அதிபர் வீ கிம் வீ, 2011 முதல் 2025 வரை தற்காப்பு அமைச்சராக இருந்த இங் எங் ஹென், 2024 மே மாதம் பிரதமரான லாரன்ஸ் வோங், மூவரின் பெயரையும் சீனத்தில் எழுதினால் முதலெழுத்து ஒன்றே. மூவரும் ஹுவாங். அதே சமயம் முன்னாள் பிரதமர் கோ சோக் தோங் காண்டனிஸ் குடும்பத்தில் பிறந்திருந்தால், அவரும் ஒரு 'இங்'காக இருந்திருப்பார். அவருடைய 'கோ'தான் வூ.

இதோடு விட்டால் போதும் என்று பார்த்தால், 'வீ' என்று எழுதுகிறவர் எல்லாரும் ஹுவாங் அல்லர். மசீச தலைவர் வீ கா சியோங்கின் 'வீ' முற்றிலும் வேறான 'வெய்'. 'வோங்'கும் அப்படித்தான். அரசன் என்று பொருள்படும் 'வாங்'கும் காண்டனிஸில் 'வோங்'. அதனால் காண்டனிஸ்காரர்கள் அறிமுகம் செய்துகொள்ளும்போது, 'பெரிய வயிற்று வோங்' என்றோ 'மூன்று கோட்டு வோங்' என்றோ எழுத்தின் வடிவத்தைச் சொல்லி வேறுபடுத்துவார்கள். 'இங்'கும் அதே மாதிரிதான். வூ நாட்டு வூவில் வாயைக் குறிக்கும் எழுத்தின் கீழ் வானத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். 'வாய்-வானம் இங்' என்றால் அவர். ஹுவாங் அல்ல, ஐவர் அல்ல.

வூவின் பழைய ஒலியில் 'ங்' முன்னாலும் ஓர் உகரம் பின்னாலும் இருந்தன. வியட்நாமியர் இரண்டையும் காத்து 'ஙோ' என்கிறார்கள். கி.பி. 938-இல் பாக் டாங் ஆற்றில் சீனக் கப்பற்படையை வென்ற ஙோ குயென் இந்தப் பெயரினர். காண்டனிஸ் உகரத்தை விட்டுவிட்டு 'ங்'கை மட்டும் வைத்துக்கொண்டது. மாண்டரினும் கொரிய மொழியும் 'ங்'கை விட்டுவிட்டு உயிரை வைத்துக்கொண்டன. கொரியாவில் அது வெறும் 'ஓ'. ஜப்பானியர் 'கோ' என்றார்கள். கிமோனோ துணிக்கு அவர்கள் சொல்லும் 'கோஃபுக்கு' என்பதற்கு வூ நாட்டு உடை என்று பொருள். ஹாங்காங் இளையர் இப்போது 'ங்'கைக்கூட உதடு மூடி 'ம்' என்கிறார்கள்.

மூன்றாமவரான ஐவர் வூ எண்ணிக்கையில் சிறியவர். ஆனால் நீரிணைக் குடியேற்றங்களில் 1842-இல் பிறந்து, சிறுவயதிலேயே சீனாவுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் இந்தக் குலத்தின் பெயரை உலகறியச் செய்தார். இங்கிலாந்தில் சட்டம் படித்து, ஹாங்காங்கில் 'இங் சோய்' என்ற பெயரில் வழக்கறிஞரானார். 1880-இல் ஹாங்காங் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் சீனர் அவர். பிறகு சீனப் பேரரசின் தூதராக வாஷிங்டன் போனபோது அவர் பெயர் வூ திங்ஃபாங். ஆள் ஒருவரே, குடும்பப்பெயரும் ஒன்றே. ஹாங்காங் பதிவேட்டையும் அமெரிக்கப் பத்திரிகையையும் மட்டும் படிப்பவருக்கு அவர் இரண்டு பேர்.

இன்று உலகம் அறிந்த 'இங்'குகளில் செயற்கை நுண்ணறிவு அறிஞர் ஆண்ட்ரூ இங், ராஃபிள்ஸ் பள்ளியில் படித்தவர், வாய்-வானம் இங். அமெரிக்க நாவலாசிரியர் செலஸ்ட் இங் ஐவர் இங். தம் பெயரை 'இங் என்று உச்சரிக்கவும்' என்பதையே அவர் தம் சமூக ஊடக முகவரியாக வைத்துக்கொண்டார்.

கல்யாணமும் கல்லறையும்

ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்கள் மணம் செய்யக்கூடாது என்பது சீனரின் பழைய கட்டுப்பாடு. தாங் அரச மரபின் சட்டத்தில் அதற்கு ஈராண்டுக் கட்டாய உழைப்பு தண்டனை. கொரியாவில் ஒரே பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உள்ளவர்கள் மணப்பதைத் தடுத்த சட்டம் 1997-இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் செல்லாதென்று தீர்க்கப்பட்டது. ஒரே கோத்திரத்தில், ஒரே கூட்டத்தில் பெண் எடுக்காத வழக்கம் நம்மிடமும் உண்டு. நம் நாடுகளில் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பேரன் 'இங்' வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறேன் என்று சொல்லும்போது, தானும் ஒரு 'இங்'கான பாட்டி முதலில் கேட்பது, 'எந்த இங்?' என்பதுதான். ஹொக்கியன் இங்கும் காண்டனிஸ் இங்கும் தாராளமாக மணக்கலாம். ஒரு வீயும் ஒரு வோங்கும் பத்திரிகை அடிக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டியின் கணக்கில் விசாரிக்க வேண்டியது அந்தக் கல்யாணத்தைத்தான்.

1980-களில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளின் பெயர்களை மாண்டரின் உச்சரிப்பில் எழுதும் முறை கொண்டுவரப்பட்டது. அதனால் வகுப்பில் 'இங்'குகள் ஹுவாங் என்றும் வூ என்றும் பிரிந்தார்கள். வரலாற்றுப்படி பார்த்தால் அது சரியான பிரிவுதான். பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. தந்தை 'இங்', மகன் 'ஹுவாங்' என்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்றார்கள். கடைசியில் நிலைத்தது ஒரு சமரசம். பிள்ளையின் சொந்தப் பெயர் மாண்டரினில், குடும்பப்பெயர் பழையபடி 'இங்'. இந்தோனேசியாவில் 1966-க்குப் பிறகு சீனர்கள் உள்ளூர்ப் பெயர் வைத்துக்கொள்ள அரசு வற்புறுத்தியபோது பல ஊய்கள் 'விஜயா' ஆனார்கள். சினார் மாஸ் நிறுவனர் ஏக்கா ஜிப்தா விஜயா, ஊய் ஏக் சோங் எனப் பிறந்தவர். 'ஊய்' ஒலி 'விஜயா'வின் தொடக்கத்தில் ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். பெயரில் வடமொழி வெற்றி, உள்ளே ஹுவாங்.

இதெல்லாம் வெறும் ஏட்டு விவகாரமல்ல என்பது 2011-இல் சிங்கப்பூரில் தெரிந்தது. புக்கிட் பிரவுன் இடுகாடு 1922-இல் திறக்கப்பட்டு 1973-இல் மூடப்பட்டது. இன்று லோர்னி நெடுஞ்சாலை எனப்படும் சாலைக்காக அங்கே ஏறத்தாழ 4,000 கல்லறைகளைத் தோண்டியெடுக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. தாத்தா அங்கே இருக்கிறாரா என்று பார்க்கக் குடும்பங்கள் பதிவேட்டைப் புரட்டின. இடுகாட்டுப் பதிவேடு ஆங்கிலத்தில், கையெழுத்தில். கல்லறைக் கல்லில் இருப்பதோ சீன எழுத்து மட்டும். பதிவேட்டில் 'இங்' என்றால் மலையில் தேட வேண்டியது ஹுவாங்கையா வூவையா? ஆங்கிலம் மட்டும் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. கல்லில் இருந்தது என்னவென்று சொல்லக்கூடிய முதியவர் பல வீடுகளில் உயிரோடு இல்லை. அந்த வேலையைத் தன்னார்வலர்கள் சிலர் எடுத்துக்கொண்டு, புல்லை வெட்டி, பாசியைத் துடைத்து, கல்லைப் படித்துச் சொன்னார்கள்.

படிக்கத் தெரிந்தவர் கல்லில் முதலில் பார்ப்பது நடுவரிசையின் பெரிய எழுத்துகளை. குடும்பப்பெயர் அதில் இருக்கும். பெரிய வயிறு இருந்தால் ஒரு குடும்பம். வாயின் கீழ் வானம் இருந்தால் வேறு குடும்பம், அடுத்த கல்லுக்கு நகர வேண்டியதுதான்.